சாச்சி சொன்னதாக நான் சொன்னது

"நீ படிச்ச புள்ளதான். ஆனா உன்ட வாய் ஒரு இடத்துல நிக்குமா எண்டதுதான் எனக்குச் சந்தேகம்."

நான் கெம்பஸுக்கு, பல்கலைக்கழகப் படிப்புக்கு, தெரிவான கிழமை சாச்சி இதைச் சொன்னார். தெருவே வீட்டுக்கு வந்து வாழ்த்திவிட்டுப் போன நாட்கள் அவை. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் ஒருவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. வாப்பா ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். உம்மா இன்றைக்கும் பெருவிரலை மையில் தொட்டுத்தான் ஒப்பம் வைப்பார். அந்த வீட்டிலிருந்து போகிறவளிடம் இப்படியா சொல்வது என்று எனக்குச் சுட்டது.

"ஏன் சாச்சி அப்பிடிச் செல்றீங்க?"

"படிச்சவங்களுக்கு எந்தக் கேள்வியக் கேட்டாலும் மறுமொழி செல்லோணும் எண்டு வரும். எல்லாக் கேள்விக்கும் மறுமொழி செல்லத் தேவல்ல புள்ள" என்றுவிட்டு, கொண்டுவந்த வட்டிலாப்பத்தை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

சாச்சி எங்களுக்குச் சின்னம்மா முறைதான், இரத்த உறவில்லை. கிழக்கிலங்கையின் மருதமுனையில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. மேசன் வேலை செய்த கணவர் நேரத்தோடு மௌத்தாகி, சாச்சி இளவயதிலேயே விதவையானார். ஒரே மகள் பாலமுனையில் கல்யாணம் முடித்திருந்தாள். ஒழுங்கையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் சாச்சிதான். சுற்றிவர உள்ள நாலைந்து தெருக்களில் ஒரு பெண் மௌத்தானால் முதலில் போகும் ஆள் அவரைக் கூப்பிடத்தான் போகும். பெண்ணின் ஜனாஸாவை, அந்த உடலை, பெண்தான் குளிப்பாட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தப் பெண் சாச்சி.

வளவுக்குள் நாலு கம்பு நட்டு, வெள்ளைத் துணியால் திரை கட்டுவார்கள். சாச்சியின் வீட்டு வாசலில் நின்ற இலந்தை மரத்திலிருந்து ஒடித்துவந்த இலைகளைத் தண்ணீரில் கசக்கிப் போடுவார்கள். சாச்சி சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு உள்ளே போவார். குளிப்பாட்டி, வெள்ளைத் துணியால் கபனிட்டு முடிந்ததும் வெளியே வருவார். யாரையும் பார்க்க மாட்டார். அழுகிற பெண்களிடம் நிற்காமல், தேத்தண்ணி குடிக்காமல், நேரே வீட்டுக்குப் போவார். உள்ளே என்ன கண்டார் என்பதை அந்த நிமிடத்திலிருந்து உலகம் முடியும் கியாமத்து வரைக்கும் அவர் வாயிலிருந்து யாரும் எடுக்க முடியாது.

எடுக்கப் பார்த்தவர்கள் நிறையப் பேர். மௌத்து வீட்டுக்கு வரும் பெண்களுக்கு வேறென்ன வேலை?

"என்னகா, அவட முடி சாயம் பூசினதுதானே? செத்த பொறகு செல்றதுல என்ன?"

"வயித்துல வெட்டின தழும்பு ரெண்டா மூண்டா சாச்சி?"

"சாச்சிட வயித்துக்குள்ள ஊர்ட பாதி ரகசியம் கிடக்கு. அதான் இந்தப் பருமன்."

"அது ரெண்டு நேரம் சோறு திண்டு வந்த பருமன். உனக்கும் வரும், பொறுத்துக்க" என்பார் சாச்சி. சிரிப்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு சம்பவம் நடந்தது. அடுத்த தெருவில் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண் மௌத்தானாள். மாப்பிள்ளை வீட்டார் காய்ச்சல் என்றார்கள். அவசரப்படுத்தினார்கள். அசர் தொழுகைக்குள் அடக்க வேண்டும் என்று நின்றார்கள். சாச்சி திரைக்குள் போனார். தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்கும் என்று எல்லோரும் காத்திருக்க, இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார். வாளியைக் கவிழ்த்துவைத்தார்.

"நான் குளிப்பாட்டல்ல. டொக்டர் வந்து பாக்கட்டும்."

மாப்பிள்ளையின் வாப்பா கத்தினார். "என்னத்தக் கண்டாய் நீ? செல்லன்!" சாச்சி அதற்கும் மறுமொழி சொல்லவில்லை. கவிழ்த்த வாளிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டார். பொலிஸ் வரும்வரை எழும்பவில்லை. பிறகு வழக்கு நடந்தது. அவர் என்ன கண்டார் என்பதை மட்டும் ஊர் அறியவே இல்லை. வழக்கில் வைத்தியரின் அறிக்கை பேசியது. சாச்சி பேசவில்லை.

அந்த வாளியை நான் பிற்காலத்தில் நினைத்திருக்க வேண்டிய ஒரு நாள் இருந்தது. நினைக்கவில்லை.

கொரோனாவின் முதல் வருடத்தில் சாச்சிக்கு வேலை குறைந்தது. அந்த நோயில் மௌத்தானவர்களைக் குளிப்பாட்ட விடவில்லை. கபனிட விடவில்லை. அரசாங்கத்தின் உத்தரவில் எரித்தார்கள். முஸ்லிம் வீடுகளில் அந்த மாதங்களில் மரணத்தைவிட மரணத்துக்குப் பிறகு நடப்பதற்குத்தான் பயம். காய்ச்சல் வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைந்து கிடந்தார்கள். யாரும் ஒடிக்காமல் சாச்சியின் வாசல் இலந்தை தலைக்கு மேல் அடர்ந்து வளர்ந்தது. அவர் அதன் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். கைகளை மடியில் வைத்து, உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு எரிப்பது நின்றது. அதற்கென ஒதுக்கிய ஓட்டமாவடிக் காணிக்குக் கொண்டுபோய் அடக்கலாம் என்றார்கள். அதற்குச் சில மாதங்களின் பின் தடுப்பூசி வந்தது.

எங்கள் ஊர் ஊசிக்குப் பயந்ததை, படிப்பில்லாத சனம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஜனாஸாவை எரிக்கச் சொன்ன அதே அரசாங்கம்தான் இப்போது கையை நீட்டச் சொன்னது. போட்டால் பிள்ளை தங்காது, இரண்டு வருடத்தில் ஆள் முடியும் என்று ஒவ்வொரு போனிலும் ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. யாருடைய குரல் என்று தெரியாது. ஆனால் எங்கள் தமிழில், எங்கள் ராகத்தில் பேசியது.

கெம்பஸ் மூடியிருந்ததால் நான் வீட்டில் இருந்தேன். எழுத்து வடிவாக இருக்கிறது, சிங்களமும் கொஞ்சம் வாசிப்பாள் என்று எங்கள் பகுதி மிட்வைஃப் என்னை ஊசி போடும் இடத்தில் பெயர் எழுதக் கேட்டார். பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கட்டுப் படிவம். பெருவிரல் வைக்கும் உம்மாவின் மகள் மேசைக்கு உள்பக்கம் இருப்பதை வாப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அந்தப் பெருமை பெரிதாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

முதல் நாள் வந்தவர்களில் எங்கள் ஒழுங்கையில் தறி வைத்திருந்த ராத்தாவும் ஒருவர். எனக்கு மூத்த சகோதரி முறை. வயதில் சாச்சி அளவு. சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். "எறும்பு கடிச்ச மாதிரித்தான் இரிக்கி" என்று வெளியே நின்றவர்களுக்குக் கேட்கச் சொன்னார். நான்காம் நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். கொரோனா இல்லை என்று பரிசோதனை வந்ததால் ஜனாஸாவை வீட்டுக்குத் தந்தார்கள்.

திரை கட்டினார்கள். ஆனால் உள்ளே போய் உதவ ஒருத்தியும் வரவில்லை. எல்லோருக்கும் பயம். ராத்தாவின் ஒரே மகள் அக்கரைப்பற்றில் இருந்தாள். பயணத்தடையில் மாட்டிக்கொண்டு அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். ஒரு பெண் திரைக்கு வெளியே நின்று தண்ணீரை மட்டும் நீட்டினாள். உள்ளே சாச்சி தனியாகக் குளிப்பாட்டினார்.

முடித்து வெளியே வந்தவர் அன்று நேரே வீட்டுக்குப் போகவில்லை. கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அது போதுமாக இருந்தது. மாலை மஃரிபு தொழுகைக்கு முன் ஊர் முழுக்கக் கதை.

"கை தோள்மூட்டு வரைக்கும் கறுத்துப் போச்சாம்."

"மேலெல்லாம் நீலமாம். சாச்சி கண்டுட்டுத்தான் எழும்ப ஏலாமக் குந்தி இருந்தவவாம்."

போய்க் கேட்டவர்களுக்குச் சாச்சி வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக ஊர் மதித்த அந்த மௌனம் இப்போது சாட்சியாகிவிட்டது. "ஒண்டும் இல்லாட்டி ஒண்டும் இல்ல எண்டு செல்லலாம்தானே? ஏன் செல்றல்ல?"

அதைச் சத்தமாகக் கேட்டது என் உம்மா.

உம்மாவுக்குச் சீனி வியாதி, பிரஷர், முந்திய வருடம் நெஞ்சில் சளி கட்டி ஒரு கிழமை ஆஸ்பத்திரி. கொரோனா வந்தால் உம்மா தாங்க மாட்டார் என்று மிட்வைஃப் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம் எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீடுகளில் காய்ச்சல். நான் கெஞ்சினேன், அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். உம்மா அசையவில்லை.

"நீ படிச்சது புத்தகத்துல. சாச்சி கண்டது கண்ணால."

நான் சாச்சியிடம் போனேன். இலந்தையின் கீழ் இருந்தார்.

"ஒண்டும் இல்ல எண்டு ஒரு சொல்லுச் செல்லுங்க சாச்சி. உம்மா ஊசி போட்டுக்குவா. ஒழுங்கையே போட்டுக்கும்."

"செல்ல மாட்டன்."

"அப்ப ஏதோ கண்டீங்களா?"

"அதையும் செல்ல மாட்டன்." பிறகு சொன்னார்: "கேளு புள்ள. இண்டைக்கு ஒருத்திக்கு ஒண்டும் இல்ல எண்டு நான் செல்லிட்டன் எண்டு வை. நாளைக்கு இன்னொருத்தியக் கேப்பாங்க. நான் சும்மா இருப்பன். அப்ப அவளுக்கு என்னமோ இரிந்திரிக்கி எண்டு ஊர் எடுத்துக்கும். ஒருத்திய நல்லாச் செல்லப் போய் மத்த அவ்வளவு பேரையும் காட்டிக் குடுக்கச் செல்றியா?"

அது எவ்வளவு சரியான நியாயம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. உம்மாவின் மூச்சுத்தான் என் காதுக்குள் இருந்தது.

"அப்ப எங்கட உம்மா மௌத்தானா அது உங்களாலதான்."

"மௌத்தானா நான் வந்து குளிப்பாட்டுவன்" என்றார் சாச்சி. "அப்பவும் செல்ல மாட்டன்."

நான் எழும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் பகுதிக்குக் கடைசி நாள். அடுத்த நாள் ஊசிக்காரர் வேறு ஊருக்குப் போகிறார்கள். திரும்ப எப்போது என்று தெரியாது. காலையிலிருந்து மண்டபத்துக்குள் ஆண்கள் சிலர் வந்து போனார்கள். பெண்கள் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிட்டார்கள். வேம்பின் நிழலில், முகக்கவசங்களுக்கு மேலே கண்கள் மட்டும் தெரிய, உள்ளே வருவதுமில்லை, வீட்டுக்குப் போவதுமில்லை. உம்மாவும் அவர்களுக்குள் நின்றார். நான் கூப்பிட்டதற்காக வந்தார், போடுவதற்காக அல்ல.

மூன்று மணிக்கு ஊசிப் பெட்டியை மூடப்போவதாகச் சொன்னார்கள். நான் மேசையை விட்டு எழும்பினேன். வாசலுக்குப் போனேன்.

"சாச்சி என்னட்டச் செல்லிட்டா" என்றேன்.

எல்லாக் கண்களும் திரும்பின.

"என்ன செல்லின?"

"ஒண்டும் இல்லையாம். கை பளிங்கு மாதிரி இரிந்திச்சாம். மேலுல ஒரு புள்ளி கூட இல்லையாம்."

உம்மா முன்னுக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"வல்லாஹி செல்லு."

"வல்லாஹி."

அல்லாஹ்வின் மேல் சத்தியம். எவ்வளவு இலேசாக வந்தது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்.

அந்த நேரத்தில் தெருமுனையில் சாச்சி வந்துகொண்டிருந்தார். தனியாக, கறுப்பு அபாயாவில், அவருடைய பருமனுக்கேற்ற மெதுநடையில். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி கேட்டேவிட்டாள்.

"சாச்சி, தறிக்கார ராத்தாட மேலுல ஒண்டும் இல்ல எண்டு இந்தப் புள்ளைக்கிட்டச் சென்னீங்களா?"

சாச்சி நின்றார். என்னைப் பார்த்தார். நான் அந்தப் பார்வைக்குக் கண்ணைத் தாழ்த்தினேன். இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்தில் முடிந்திருப்பேன். உம்மா வீட்டுக்குத் திரும்பியிருப்பார். ஓம் என்று சொல்லியிருந்தால் அது அவருடைய வாழ்நாளின் முதல் பொய்யாக இருந்திருக்கும்.

அவர் இரண்டும் சொல்லவில்லை. என்னைக் கடந்து உள்ளே போனார். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"வா. எழுது."

நான் ஓடிப்போய் உட்கார்ந்தேன். அவர் அடையாள அட்டையை நீட்டினார். அது அவர் கைக்குள்தான் இருந்தது, பையிலிருந்து எடுக்கவில்லை. ஊசி போடுகிறவர் கேட்டதும் அபாயாவின் கையை உயர்த்தினார். உள்ளே கைகுறைந்த சட்டை போட்டிருந்தார். ஊசிக்கு வசதியாக இருக்கட்டும் என்று வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்த சட்டை.

அவர் ஊசி போடத்தான் வந்துகொண்டிருந்தார். முந்தின நாள் இலந்தையின் கீழ் நான் கேட்டதற்குத் தன் வழியில் மறுமொழி கொண்டுவந்துகொண்டிருந்தார். நான் இன்னும் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

சாச்சிக்குப் பின்னால் உம்மா வந்தார். உம்மாவுக்குப் பின்னால் வாசல் முழுக்க வந்தது. கதிரைகள் போதாமல் வகுப்பறை வாங்குகளைத் தூக்கிவந்து போட்டோம். மூன்று மணிக்கு மூட வேண்டிய பெட்டியை அசருக்குப் பிறகும் மூடவில்லை.

மாலையில் நான் சாச்சியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோது அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"முடிஞ்சத விடு. வல்லாஹி எண்டதுதான் கூடிப் போச்சி" என்றார். "இந்தக் கை நோகுது. உன்ட உம்மாக்கும் நோகும். போய்ச் சுடுதண்ணி வச்சுக் குடு."

நான் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

இரண்டாம் ஊசியும் போட்டுச் சில வாரத்தில் உம்மாவுக்குக் கொரோனா வந்தது. பத்து நாள் படுத்தார். எழும்பினார். இன்றைக்கும் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். நான் பட்டம் எடுத்தேன். பத்துப் பேருக்குச் சோறு கொடுத்துப் பொய்ச் சத்தியத்துக்கான பரிகாரத்தைச் செய்தேன். யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

அதற்கிடையில் சாச்சிக்கு நடந்ததை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன்.

முதலில் தறிக்கார ராத்தாவின் மகள் வந்தாள். ஒழுங்கை கேட்க நின்று கேட்டாள். "எங்கட உம்மாட மேலப் பத்திப் பள்ளிக்கூட வாசல்ல கதைக்கிறதுக்கு உங்களுக்கு ஆர் உரிமை தந்த? உங்கள நம்பித்தானே குடுத்த?" சாச்சி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தான் எதுவும் சொல்லவில்லை என்று அவர் சொல்லவில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

பிறகு மெல்ல மெல்ல வந்தது. "அவ செல்ற ஆள்தான்கா. ஒருத்தியப் பத்திச் சென்னவ நம்மளப் பத்திச் செல்லமாட்டாவா?" அடுத்த தெருவில் ஒரு பெண் மௌத்துப் படுக்கையில் கிடந்தபடி பிள்ளைகளிடம் சொன்னாளாம், என்னை அவ கையில் கொடுத்துவிடாதீர்கள் என்று. குளிப்பாட்ட வேறு ஊரிலிருந்து ஆள் வரத் தொடங்கினார்கள். சாச்சியைக் கூப்பிட யாரும் போகவில்லை. அவர் மகளோடு பாலமுனைக்குப் போய்விட்டார். லொறியில் சாமான் ஏற்றிய அன்றும் என்னைக் கண்டு சிரித்தார்.

எத்தனையோ பெண்களின் தழும்பையும் குறையையும் மூடியதைப்போல என் பொய்யையும் அவர் மூடிவைத்தார். வித்தியாசம் ஒன்றுதான். மற்றவர்கள் மௌத்தானவர்கள். நான் உயிரோடு, வாய் திறக்கக்கூடிய நிலையில் இருந்தேன்.

போன மாதம் நான் பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போனேன். ராத்தாவின் மகளின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாச்சி ஒரு சொல்லும் சொல்லவில்லை, கையும் பளிங்கும் நான் கட்டியது என்றேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை.

"அப்ப எங்கட உம்மாட கை எப்பிடி இரிந்திச்சி?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியா."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு அந்த வாளி நினைவுக்கு வந்தது.

"ஆனா சாச்சி வாளியக் கவிழ்க்கல்ல" என்றேன். "கடைசி வரைக்கும் நிண்டு குளிப்பாட்டினா."

அவளுக்கும் அந்தப் பழைய சம்பவம் தெரியும். ஊருக்கே தெரியும். ஏதாவது கண்டிருந்தால் சாச்சி வாளியைக் கவிழ்த்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பொறகு ஏன் சாச்சி கிணத்துக்கட்டுல இரிந்த?"

"உங்கட உம்மாவும் சாச்சியும் சின்ன வயசுல ஒரே பாயில இரிந்து குர்ஆன் ஓதினவங்களாம். சாச்சிட மகள் செல்லித்தான் எனக்கே தெரியும்."

அவள் கண்ணைத் துடைத்தாள். எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"என்னட்டச் சென்னாக் காணாது" என்றாள். "வாசல்ல வச்சுச் சென்னத வாசல்ல வச்சுத்தான் செல்லோணும்."

சென்ற வெள்ளிக்கிழமை அதே பள்ளிக்கூட மண்டபத்தில் மாதர் சங்கக் கூட்டம். அசர் தொழுதுவிட்டு எங்கள் ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். உம்மா முதல் வரிசையில் இருந்தார். வீட்டில் வைத்து அவரிடம் முந்தின இரவே சொல்லியிருந்தேன், அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. ராத்தாவின் மகள் அக்கரைப்பற்றிலிருந்து வந்து வாசலோரம் நின்றாள். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவி கேட்டார். நான் எழும்பி நின்றேன்.

"நான் அண்டைக்கு இந்த வாசல்ல வல்லாஹி எண்டு சென்னது பொய்" என்றேன்.